முதல் பிள்ளையின் ரத்தத்தில் இருக்கும் விடை

திருநாவலூர் பக்கம் கருவுற்ற பெண் ஐந்தாம் மாதம் உளுந்தூர்பேட்டைக்கோ விழுப்புரத்துக்கோ போய் ஒரு ஸ்கேன் எடுத்துவருவது இப்போது வழக்கமாகிவிட்டது. தலை, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம், கை, கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, குறையேதும் தென்படவில்லை என்று எழுதித் தருவார்கள். உடம்பின் மிகப் பெரிய உறுப்பான தோலைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இருக்காது. ஐந்தாம் மாதத்தில் தோலில் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் இருப்பதில்லை என்பதுதான் காரணம். கருவின் மேல்தோல் கெட்டிப்பட்டு வெளியுலகத்துக்குத் தயாராகத் தொடங்குவதே சுமார் 22 முதல் 24 வாரங்களில்தான். அனாமலி ஸ்கேன் எனப்படும் இந்த ஐந்தாம் மாத ஸ்கேனோ 18 முதல் 20 வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது.

அதனால்தான், பரம்பரைத் தோல் நோயோடு குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, “ஸ்கேன்ல எல்லாம் நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க?” என்பதாக இருக்கிறது. இரண்டாவது கேள்வி சில மாதம் கழித்து வரும்: “அடுத்ததும் இப்படியே பொறக்குமா?” இந்த இரண்டாவது கேள்விக்கு இன்றைய மருத்துவத்தால் மிகத் துல்லியமாகப் பதில் சொல்ல முடியும். அதுவும் அடுத்த கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே சொல்ல முடியும். அதற்கு, குடும்பத்தில் இருக்கும் மரபணுப் பிழை எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடிய நேரடிச் சாட்சி, நோயோடு பிறந்த முதல் குழந்தை. கருவில் கண்டறியும் வேலை அடுத்த கர்ப்பத்தில் தொடங்குவதாகத்தான் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் அது முதல் குழந்தையின் பிரசவ அறையில் தொடங்குகிறது. அங்கே தவறவிட்டதைப் பிறகு தேடிப்பிடிப்பது கடினம்.

பிரசவ அறையில் தெரிவது

பிறந்தவுடனேயே கண்ணில் படும் பரம்பரைத் தோல் நோய்களைச் சாதாரண வாசகர் மூன்று தோற்றங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது கொலோடியன் குழந்தை. உடம்பு முழுக்க இறுக்கமான, பளபளக்கும் சவ்வு மூடியிருக்கும். இமையும் உதடும் வெளிப்பக்கம் பிதுங்கியிருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் சவ்வு வெடித்து உரியும். உள்ளேயிருந்து சில குழந்தைகளுக்கு ஏறக்குறைய இயல்பான தோலே வெளிப்படும். மற்றவர்களுக்குச் செதில் செதிலான இக்தியோசிஸ் வாழ்நாள் முழுவதும் நிற்கும். டிஜிஎம்1 என்ற மரபணுவின் பழுதுதான் இதற்கு அதிகம் காரணமாவது. அது 1995-இல் கண்டறியப்பட்டது.

இரண்டாவது ஹார்லெகுவின் இக்தியோசிஸ். இந்த வகையிலேயே மிகக் கடுமையானது. தடித்த தகடுகளாகத் தோல், தகடுகளுக்கு இடையே ஆழமான சிவந்த வெடிப்புகள், மூடாத வாய், வெளியே புரண்ட இமை. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் ஆலிவர் ஹார்ட் என்ற பாதிரியார் 1750 ஏப்ரலில் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்ததுதான் இதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு. சுமார் மூன்று லட்சம் பிறப்புகளில் ஒன்று என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

மூன்றாவது எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. இங்கே தோல் தடிப்பதில்லை, ஒட்டாமல் நழுவுகிறது. மேல்தோலையும் கீழ்த்தோலையும் பிணைக்கும் புரதங்களில் ஒன்று இல்லாமலோ குறைந்தோ இருப்பதால், கை பட்ட இடமெல்லாம் நீர்க்கொப்புளம் எழும்பி உரிந்துவிடும். எந்த அடுக்கில் பிளவு விழுகிறது என்பதைப் பொறுத்து இதில் பல வகைகள் உண்டு. மேல்தோலுக்குள்ளேயே பிளவு விழும் வகை பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது. இணைப்படுக்கில் பிளவு விழும் கடுமையான வகையில் குழந்தை இரண்டு வயதைத் தாண்டுவது அரிது. ஏழாம் வகைக் கொலாஜன் இல்லாத கடுமையான வகையில் குழந்தை வளரும். ஆனால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், உணவுக்குழாய் சுருங்கும், இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வரும் ஆபத்தும் உண்டு.

முதல் இரண்டுக்கும் மூன்றாவதற்கும் முதல் நாள் கவனிப்பு நேர் எதிர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கொலோடியன் குழந்தைக்கும் ஹார்லெகுவின் குழந்தைக்கும் ஈரப்பதம் மிகுந்த இன்குபேட்டர் வேண்டும். தோல் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் ரத்தத்தில் உப்பு ஏறி, உடல் குளிர்ந்துவிடும். புல்லோசா குழந்தைக்கு அந்தச் சூடும் ஈரமும் கொப்புளத்தைக் கூட்டும். மற்ற பிள்ளைக்குப் போடுவதுபோல் கையில் ஊசி குத்தி மேலே பிளாஸ்திரி ஒட்டினால், அதைப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும். குழந்தையைத் தூக்குவதற்குக்கூட முறை இருக்கிறது: அக்குளில் கை கொடுக்காமல், மெத்தென்ற துணியோடு சேர்த்து அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். கொப்புளத்தைத் தோலை நீக்காமல் சுத்தமான ஊசியால் குத்தி நீரை மட்டும் வடிக்க வேண்டும். விட்டால் அது பரவும்.

இதையெல்லாம் பார்க்கும் உறவினர்கள் பாம்பை அடித்த பாவம், கிரகணத்தன்று வெளியே வந்த தோஷம் என்று காரணம் தேடுவார்கள். அந்தக் காரணங்கள் எல்லாமே எப்படியோ பிள்ளை பெற்றவள் தலையிலேயே போய் விடியும். ஊடகங்களும் சளைத்தவை அல்ல. 2016 ஜூனில் நாக்பூரில் ஒரு ஹார்லெகுவின் பெண் குழந்தை பிறந்து இரண்டு நாளில் இறந்தபோது, “இந்தியாவின் முதல் ஹார்லெகுவின் குழந்தை” என்று படத்தோடு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அந்த “முதல்” தவறு. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே, இந்த நோயைக் கருவிலேயே அடையாளம் காண்பது பற்றிச் சென்னையிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டது.

பாதத்தின் நீளம்

சென்னை மெடிஸ்கேன் நிலையத்தின் எஸ். சுரேஷும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004-இல் ‘ஜர்னல் ஆஃப் அல்ட்ராசவுண்ட் இன் மெடிசின்’ இதழில் எழுதிய கட்டுரை அது. அவர்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தது ஒரு சின்ன அளவு: கருவின் பாதம்.

கருவின் பாத நீளமும் தொடை எலும்பின் நீளமும் கர்ப்பகாலம் நெடுகிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வளரும். ஸ்கேன் செய்பவர் உள்ளங்காலைத் திரையில் நேராகக் கொண்டுவந்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை இரண்டு புள்ளி வைத்தால் அளவு வந்துவிடும். ஹார்லெகுவின் கருவில் தடித்த தோல் விரல்களை மடக்கி இறுக்கிப் பிடிக்கிறது. பாதம் குட்டையாகத் தெரிகிறது. தோலைப் படமெடுக்க முடியாத கருவி, தோல் செய்யும் வேலையின் விளைவை அளந்துவிடுகிறது. குட்டைப் பாதத்தை ஹார்லெகுவினுக்கான ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்பதே அந்தக் கட்டுரையின் வாதம். முப்பரிமாண ஸ்கேன் பரவலான பிறகு வேறு குறிகளும் சேர்ந்தன: மூடாமல் அகன்றே இருக்கும் வாய், தட்டையான மூக்கு, துருத்திய கண், இறுகிய கைகள், பனிக்குட நீரில் மிதக்கும் துகள்கள்.

ஆனாலும் ஸ்கேனுக்கு இரண்டு குறைகள் தீரவில்லை. இந்தக் குறிகளில் பெரும்பாலானவை ஆறாம் மாதத்துக்குப் பிறகே தெளிவாகும். ஹார்லெகுவின் போன்ற மிகக் கடுமையான நோய்க்குத்தான் இவை தென்படும். புல்லோசாவோ கொலோடியனோ வழக்கமான ஸ்கேனில் பிடிபடுவதை எதிர்பார்க்க முடியாது. உறுதியான விடைக்கு மரபணுவிடம்தான் போக வேண்டும்.

வெண்ணெய்நல்லூர் ஓலை

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவர் திருமணம் தடைபட்ட கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. புத்தூர் மணப்பந்தலில் கிழவர் ஒருவர் நுழைந்து, மாப்பிள்ளையின் பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை தன்னிடம் இருப்பதாகவும், மாப்பிள்ளை தனக்கு வழிவழி அடிமை என்றும் வழக்காடுகிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துப்போடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளியே வருகிறது. பாட்டனின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும் என்று அவையோர் சொல்கிறார்கள்.

ஒடுங்கு மரபணு நோயைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான கதை இந்த வட்டாரத்தில் இல்லை. பாட்டன் காலத்தில் எழுதப்பட்ட ஒன்று, பேரனுக்கே தெரியாமல், எந்தத் தொந்தரவும் தராமல் கூடவே வந்து, கல்யாணத்தை ஒட்டித் தலைகாட்டுகிறது. ஒரு வேறுபாடுதான்: இங்கே ஓலை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் வழக்கில்லை. ஒவ்வொரு மரபணுவும் நமக்குத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று இரண்டு படிகளாக இருக்கிறது. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் வெறும் சுமப்பவர். அவர் தோலில் எந்தக் குறையும் இருக்காது. இரண்டு சுமப்பவர்கள் மணந்து, இரண்டு பழுதான படிகளும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால்தான் நோய்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்குக்குத் தனிக் கனம் உண்டு. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21, தமிழ்நாட்டில் உறவுக்குள் மணந்த பெண்கள் நூற்றுக்குச் சுமார் 28 பேர் என்று காட்டியது. இந்திய அளவில் அது 11 தான். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகளைக் கட்டும் தாய்மாமன் என்று முறைகள் நமக்குத் தெரிந்தவை. முறை மாப்பிள்ளையை மணந்தால் பிறக்கும் குழந்தையிடம் ஏதாவது ஒரு மரபணுவின் இரண்டு படிகளும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்து சேரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. தாய்மாமனை மணந்தால் எட்டில் ஒன்று.

இதை ஹார்லெகுவின் மேல் பொருத்திப் பார்ப்போம். மூன்று லட்சத்தில் ஒன்று என்ற அளவை வைத்துக்கொண்டால், மக்களில் சுமார் 275 பேரில் ஒருவர் சுமப்பவர். உறவல்லாத இணையருக்குப் பிறக்கும் குழந்தைக்கு ஆபத்து மூன்று லட்சத்தில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் இணைக்கு அது சுமார் எட்டாயிரத்து ஐந்நூறில் ஒன்றாகிறது. தாய்மாமன், அக்கா மகள் இணைக்குச் சுமார் நாலாயிரத்து முந்நூறில் ஒன்று. அதாவது முப்பத்தைந்து மடங்கு, எழுபது மடங்கு உயர்வு. நோய் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு உறவுத் திருமணத்தின் பங்கு கூடும். ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட் 1902-இலேயே அல்காப்டோனூரியா என்ற அரிய நோயில் இதைக் கவனித்துச் சொன்னார்.

அதே கணக்கை மறுபக்கமிருந்தும் படிக்க வேண்டும். நாலாயிரத்து முந்நூறில் ஒன்று என்றால், மீதி நாலாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது குழந்தைகளுக்கு அந்த நோய் இல்லை. “நாங்க எல்லாம் சொந்தத்துலதான் கட்டினோம், எங்க பிள்ளைங்க நல்லாத்தானே இருக்கு?” என்று பாட்டிமார் கேட்பதில் பொய்யில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ராவ், இன்பராஜ் இருவரும் வட ஆற்காடு மாவட்டத்தில் செய்து 1977-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, உறவுத் திருமணத்தால் கருச்சிதைவோ சிசு மரணமோ பெரிதாகக் கூடியதாகக் காட்டவில்லை. பல தலைமுறைகளாக நடந்த வழக்கத்தில் மிகக் கேடான மரபணுக்கள் கழிந்துபோயிருக்கலாம் என்ற விளக்கமும் அப்போது முன்வைக்கப்பட்டது. மொத்த மரணக் கணக்கில் தெரியாதது அரிய நோய்க் கணக்கில் தெரியும் என்பதே இரண்டையும் இணைத்துப் பார்க்கும் வழி.

உறவுக்குள் கட்டாதவர்களும் இதிலிருந்து முழுக்கத் தப்பியவர்கள் அல்ல. சாதிக்குள்ளேயே மணப்பது நூற்றாண்டுகளாக நீடித்தால், முன்னோர் சிலரின் மரபணுக்களே ஒரு சமூகம் முழுக்கப் பரவியிருக்கும். ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-இல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்களில் இந்த மூலவர் விளைவு, பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் இருப்பதைவிட வலுவாக இருந்தது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் போலச் சிறிய எண்ணிக்கையில், மலைக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் சமூகங்களுக்கு இது பழியாகிவிடக் கூடாது. ஒரு சமூகத்தில் திரும்பத் திரும்ப வரும் பிழை ஒன்றிரண்டுதான் என்று தெரிந்தால், அதைத் தேடும் சோதனை மலிவாகவும் விரைவாகவும் முடியும் என்பதுதான் இதில் அவர்களுக்கு உள்ள ஆதாயம்.

நோயுள்ள குழந்தை ஒன்று பிறந்துவிட்ட பிறகு இந்தக் கணக்குகள் எல்லாம் மாறிவிடுகின்றன. பெற்றோர் உறவினரோ அன்னியரோ, ஒடுங்கு வகை நோயென்றால் அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஆபத்து நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று பொருளில்லை; ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. மரபணு ஆலோசனையில் பெற்றோர் மனதில் பதிய அதிக நேரம் பிடிப்பது இந்த ஒரு வாக்கியம்தான்.

தோலை வெட்டியதிலிருந்து நஞ்சுத்திசு வரை

கருவின் தோல் துணுக்கைக் கொண்டு நோயைக் கண்டறிவது 1980-இல் தொடங்கியது. அந்த ஓராண்டிலேயே அமெரிக்காவிலும் லண்டனிலுமாகத் தனித்தனிக் குழுக்கள் ஹார்லெகுவின், புல்லோசா, இன்னொரு வகை இக்தியோசிஸ் ஆகிய மூன்றையும் கருவின் தோலை நேரடியாக வெட்டியெடுத்துக் கண்டறிந்தன. தாயின் வயிற்றின் வழியே மெல்லிய குழல்நோக்கியை உள்ளே விட்டு, கருவின் உடம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுத் தோல் துணுக்குகளை எடுப்பார்கள். அதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படிக்கத் தேர்ந்த கண் வேண்டும். லண்டனில் ராபின் ஈடி அப்படிப்பட்டவர். ஐந்தாம் மாதத்துக்கு முன் இதைச் செய்ய முடியாது. கருச்சிதையும் ஆபத்தும் கணிசம். உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டுமே நடந்தது.

மரபணுக்கள் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்ட பிறகு இந்த முறை வழக்கொழிந்தது. புல்லோசாவின் முக்கிய மரபணுக்கள் 1990-களில் தெரிந்துவிட்டன. ஹார்லெகுவின் மட்டும் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2005-இல் ஜப்பானிலும் பிரிட்டனிலும் இரண்டு குழுக்கள் ஏபிசிஏ12 என்ற மரபணுவை அதன் காரணமாகக் கண்டன. தோல் செல்களுக்குள் கொழுப்பை ஏற்றிச் செல்லும் புரதத்தை உருவாக்குவது அது. அந்தக் கொழுப்பு செல்களுக்கு இடையே போய்ச் சேராவிட்டால் தோலின் நீர்காப்பு அடுக்கு உருவாவதே இல்லை. 2007-இல் ஜப்பானியக் குழு அந்த மரபணுவைக் கொண்டே கருவில் நோயைக் கண்டறிந்து வெளியிட்டது.

இன்றைய முறை நஞ்சுத்திசுச் சோதனை. 11 முதல் 13 வாரங்களுக்குள், ஸ்கேன் திரையைப் பார்த்தபடி தாயின் வயிற்றின் வழியே ஊசியைச் செலுத்தி, நஞ்சுக்கொடியின் விளிம்பிலிருந்து சில மில்லிகிராம் திசுவை உறிஞ்சி எடுப்பார்கள். கருவும் நஞ்சும் ஒரே கருமுட்டையில் இருந்து வந்தவை என்பதால் மரபணு ஒன்றுதான். எடுத்த திசுவை உப்புநீரில் அலசி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, தாயின் திசு ஒட்டியிருந்தால் இடுக்கியால் பிரித்தெடுப்பார்கள். தாயின் செல் கலந்துவிட்டால் விடை தவறாகிவிடும் என்பதால் அதற்கென்றே தனிச் சோதனையும் உண்டு. 15 வாரத்துக்கு மேல் என்றால் பனிக்குட நீரை எடுப்பார்கள். இரண்டிலும் கரு கலைந்துபோகும் கூடுதல் ஆபத்து, தேர்ந்த கைகளில், நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தாயின் ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி மறக்கக் கூடாது.

ஊதா மூடிக் குழாய்

சோதனைக்கூடம் அந்தத் திசுவில் எதைத் தேட வேண்டும் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ இருபதாயிரம் மரபணுக்களில் எந்த மரபணுவின் எந்த எழுத்து பிழை என்று தெரியாமல் நஞ்சுத்திசுவை மட்டும் கொடுத்தால், மூன்றாம் மாதத்தின் நெருக்கடியான நாள்களில் விடை வராது. அதைச் சொல்லக்கூடியது முதல் குழந்தையின் ரத்தம்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கும் ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் இரண்டு மில்லிலிட்டர் ரத்தம். குழாயின் மேல் தாயின் பெயர், குழந்தை பிறந்த தேதி. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் டிஎன்ஏ சில நாள் கெடாது. கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து கீழே இறக்க நேரமாகும் என்றால் வடிதாளில் ஐந்தாறு சொட்டு ரத்தத்தை விட்டு நிழலில் உலர்த்திவைத்தால் போதும். அதற்குக் குளிர்ச்சிகூடத் தேவையில்லை. பெற்றோர் சம்மதத்தோடு தோலின் சில புகைப்படங்கள், முடிந்தால் ஒரு சிறு தோல் துணுக்கு, மூன்று தலைமுறைக் குடும்ப மரம் ஆகியவை சேர்ந்தால் வழக்குக் கட்டு முழுமை. குடும்ப மரத்தில் தாத்தா, பாட்டி யாருக்கு யார் என்பதோடு, “முன்னாடி ஏதாவது பிள்ளை தோல் உரிஞ்சு செத்திருக்கா?” என்ற கேள்விக்கான பதிலும் இருக்க வேண்டும்.

குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால் இந்த வேலை இன்னும் அவசரம். அப்போதுதான் யாருக்கும் இது நினைவில் வராது. உறவினர்கள் காரியத்துக்கு அவசரப்படுவார்கள். மருத்துவமனையும் வற்புறுத்தத் தயங்கும். இறந்த சில மணி நேரத்துக்குள்கூடச் சம்மதத்தோடு தோலும் ரத்தமும் எடுக்கலாம். அதுவும் போனால் கடைசி வழி, தாய் தந்தை இருவரின் ரத்தத்தையும் சோதித்து இருவருக்கும் பொதுவான பழுது எது என்று தேடுவது. அதில் பல நேரம் விடை கிடைக்கும். ஆனால் இது நோய் தரும் மாற்றமா, வெறும் வேறுபாடா என்று தீர்மானிக்க முடியாத முடிவுகளும் வரும். உலகத் தரவுக் களஞ்சியங்களில் நம் மக்களின் மரபணு குறைவாக இருந்ததே இதற்கு ஒரு காரணம். ஜீனோம் இந்தியா திட்டம் பத்தாயிரம் இந்தியர்களின் முழு மரபணுத் தொகுப்பை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டதால் இந்தச் சிக்கல் மெல்லக் குறையும்.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். மரபணுச் சோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அடுத்த கர்ப்பம் உறுதியான பிறகு இதைத் தொடங்கினால் 11 வாரத்துக்குள் முடிப்பது பெரும்பாடு. குழந்தையின் பழுது இன்னது என்ற அறிக்கை, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே பெற்றோர் கையில் இருந்தாக வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவ மரபியல் துறை இருக்கிறது. பெங்களூரு மனித மரபியல் மையம், இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனத்துடன் சேர்ந்து, அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ் உயர்சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டது. அறிக்கை கையில் இருந்தால் இவற்றில் ஒன்றுக்குப் போய்வருவது ஒரு பயணத்தில் முடிகிற வேலை.

சட்டம் எங்கே நிற்கிறது

கருவில் எதையும் சோதிக்கவே கூடாது, அது குற்றம் என்று ஊரில் ஒரு பயம் உண்டு. பெண் கருக்கொலைக்கு எதிராக வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அளவுக்கு மக்கள் மனதில் பதிந்திருப்பது நல்லதே. ஆனால் அந்தச் சட்டம் தடுப்பது பாலினம் பார்ப்பதையும் சொல்வதையும். குடும்பத்தில் மரபணு நோய் இருந்த வரலாறு, கருவில் நோயறியும் சோதனைக்கு அது வெளிப்படையாக அனுமதிக்கும் காரணங்களில் ஒன்று. சோதனைக்கு முன் அதன் பக்க விளைவுகளை விளக்கி, தாய்க்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கி, அதன் நகலைத் தாயிடமே தர வேண்டும் என்பதும் அதே சட்டம் சொல்வதுதான்.

கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம், கருவுக்குக் கடுமையான குறைபாடு என்று மருத்துவ வாரியம் உறுதிசெய்தால் வார வரம்பே இல்லை என்கிறது. இது ஸ்கேனில் தாமதமாகத் தெரியும் ஹார்லெகுவின் போன்ற நோய்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஏழாம் மாதத்தில் வாரியத்தின் முன் நிற்பதும் 14-ஆம் வாரத்தில் ஒரு முடிவெடுப்பதும் ஒரு தாய்க்கு ஒன்றாகிவிடாது. இரண்டுக்கும் இடையிலுள்ள அந்த மூன்று மாதத்தை வாங்கித் தருவது முன்பே எடுத்துவைத்த ரத்தம்தான்.

விடை தெரிந்த பிறகு

கருவில் கண்டறிவது என்றாலே கலைப்பதற்குத்தான் என்று நினைப்பது அவசரம். நான்கில் மூன்று முறை விடை, இந்தக் குழந்தைக்கு நோயில்லை என்பதாகவே இருக்கும். நோயைக் கண்டு பயந்து இனிப் பிள்ளையே வேண்டாம் என்று இருந்துவிடும் தம்பதியருக்கு இந்தச் சோதனை தருவது ஆரோக்கியமான குழந்தையை.

நோய் உண்டு என்று விடை வந்தாலும் எல்லா நோய்க்கும் ஒரே முடிவு சரியாகாது. கொலோடியன் குழந்தைகளில் பலர் பள்ளிக்குப் போய், வேலை பார்த்து, வெயிலையும் வறட்சியையும் சமாளித்து வாழ்கிறார்கள். ஹார்லெகுவினையே எடுத்துக்கொண்டாலும், 45 நோயாளிகளைப் பற்றி 2011-இல் வெளிவந்த ஆய்வில் 25 பேர், அதாவது 56 சதவீதம், உயிரோடு இருந்தார்கள். அவர்களில் மூத்தவருக்கு 25 வயது. தொடக்கத்திலேயே ரெட்டினாய்டு மருந்து பெற்றவர்களில் 83 சதவீதம் பிழைத்திருந்தார்கள். ஏழாம் வகைக் கொலாஜன் பழுதான புல்லோசாவுக்கு, சரியான மரபணுவைக் காயத்துக்குள் கொண்டுசேர்க்கும் மேற்பூச்சு ஜெல்லை அமெரிக்கா 2023 மேயில் அனுமதித்தது. நம் மாவட்ட மருத்துவமனைக்கு அது எட்டாத விலை. ஆனால் எந்த மரபணு என்று தெரியாத குழந்தைக்கு அது எந்தக் காலத்திலும் எட்டாது. கர்ப்பத்தைத் தொடர்வது என்று தீர்மானிக்கும் குடும்பத்துக்கும் முன்கூட்டித் தெரிவதால் பயன் உண்டு. பிரசவத்தை ஊர் மருத்துவமனையில் வைக்காமல் புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடத்தில் திட்டமிடலாம். இன்குபேட்டரும் மருந்தும் கண் மருத்துவரும் முதல் மணி நேரத்திலேயே தயாராக இருப்பார்கள்.

முடிவு பெற்றோருடையது. அந்த முடிவைத் தெரிந்து எடுக்கும் நிலைக்கு அவர்களைக் கொண்டுவருவது அரசின் பொறுப்பு. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பிறவிக் குறைபாடுகளைப் பிரசவ இடத்திலேயே கண்டறிய வகைசெய்கிறது. முதுகெலும்புப் பிளவு, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், பிறவி இதயக் கோளாறு எல்லாம் அதன் பிறவிக் குறைபாட்டுப் பட்டியலில் உண்டு. பரம்பரைத் தோல் நோய்க்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளிலும் இவர்களுக்கெனத் தனி வகை இல்லை. பட்டியலில் இல்லாத நோயை யாரும் எண்ணுவதில்லை. எண்ணாத நோய்க்கு யாரும் திட்டம் போடுவதில்லை.

2019-இல் மாவட்டமாகி, 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் சொந்த மருத்துவக் கல்லூரியும் பெற்ற கள்ளக்குறிச்சி, சென்னையின் உத்தரவுக்குக் காத்திராமல் ஒன்றைத் தொடங்கலாம். மாவட்டத்தின் எந்தப் பிரசவ அறையிலும் தோல் குறையோடு குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தை பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், பெற்றோர் சம்மதத்தோடு ரத்தம் எடுத்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிச் சேமிப்பது என்று ஒரே ஒரு விதி. கிராம சுகாதார செவிலியரின் கர்ப்பிணிப் பதிவில் “சொந்தத்தில் திருமணமா?” என்பதோடு “முன்பு தோல் நோயுள்ள பிள்ளை பிறந்ததா?” என்று ஒரு கேள்வியைச் சேர்ப்பது இரண்டாவது. ஆண்டுக்கு ஒருவரோ இருவரோதான் இந்த வலையில் அகப்படுவார்கள் என்பது இதைத் தள்ளிப்போடக் காரணமாகாது. அந்த ஒருவருக்குத்தான் அடுத்த பிள்ளைக்கு நான்கில் ஒன்று ஆபத்து என்று பெயர் சொல்லித் தெரியும். மற்ற கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்கு அவ்வளவு துல்லியமாக முன்னெச்சரிக்கை தர மருத்துவத்தால் முடிவதில்லை.